மெர்வின் டக்வெல்லும் ஆகாயத் திருடர்களும்

"டக்வெல் குட்டையைப் பாத்துட்டேன். இது தோதா இருக்கும்" என்று வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து ஹெலிகாப்டர் ஓட்டி சொன்னான். மெர்வின் டக்வெல்லின் கையிலிருந்த ரொட்டி, வெஜிமைட் தடவிய பக்கமாகவே போய், நோரீன் அப்போதுதான் துடைத்திருந்த தரையில் ஒட்டிக்கொண்டது.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காதிலிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "நோரீன், வந்துட்டானுங்க" என்றார்.

"யாரு?"

"தண்ணித் திருடனுங்க."

நோரீன் ஈரத்துணியை எடுக்கப் போனாள். இத்தனை வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள் வேறென்ன செய்வாள்?

டெரிங்கல் பக்கத்தில் அது மழை பொய்த்த இரண்டாவது வருடம். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குட்டை. குட்டையில் தண்ணீர் இருக்கிறவரைதான் ஆடு மாடு. மெர்வினுடைய குட்டையில் இடுப்பளவுக்குப் பழுப்புத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதை நம்பிப் பன்னிரண்டு மெரினோ கிடாக்கள். மற்ற ஆடுகளையெல்லாம் முன்பே விற்றாயிற்று. இந்தக் கிடாக்களைப் போன்ற சாதி மாவட்டத்திலேயே கிடையாது என்று கேட்க விரும்பியவர்களிடமும் சொல்லியிருக்கிறார், விரும்பாதவர்களிடம் இன்னும் அதிகமாகவே சொல்லியிருக்கிறார். குட்டை வற்றினால் அவையும் சந்தைக்குப் போகவேண்டியதுதான். அதன்பிறகு மெர்வினுக்குப் பீற்றிக்கொள்ள உலகத்தில் ஒன்றுமில்லை.

அடுத்தவர் வானொலிப் பேச்சை ஒட்டுக் கேட்கும் அந்தக் கையடக்க ஸ்கேனர் பெட்டியை வாங்கிய கதை தனி. இரண்டு கோடைக்கு முன்னால் புல்வெளியில் தீப்பிடித்தபோது, ஹெலிகாப்டர் ஒன்று கீழே பெரிய வாளியைத் தொங்கவிட்டு, பக்கத்துப் பண்ணைக் குட்டையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றி அணைத்தது. தீ என்று வந்துவிட்டால் அவர்கள் யாரையும் கேட்கவேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான். அன்று மூன்று வீடுகள் பிழைத்தன. மெர்வின் மனதில் நின்றது அதுவல்ல. தண்ணீர் வற்றி, குட்டையின் அடியில் எவரோ எப்போதோ போட்ட துணி துவைக்கும் இயந்திரம் வெளியே தெரிந்ததே, அதுதான் நின்றது. அடுத்த வாரமே ஸ்கேனர் வாங்கினார், கூரைமேல் கம்பி நட்டார். அன்றிலிருந்து ஹெலிகாப்டர்காரர்கள் தும்மினாலும் அவருக்குத் தெரிந்தாகவேண்டும்.

அதிலும் ஒரு கோளாறு உண்டு. டக்வெல் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மேலே பறக்கிறவன் பேசுவது கணீரென்று கேட்கும். குன்றுக்கு அந்தப் பக்கம் தரையில் நின்றுகொண்டு தீயணைப்புப் படைக் கேப்டன் பேசுவது ஒரு சொல்கூட வந்து சேராது. ஆக, அவருக்குக் கிடைப்பது பதில் மட்டுமே. கேள்விகளை அவரே போட்டுக்கொள்வார். அவர் போட்டுக்கொள்ளும் கேள்விகளில் ஊரே கூடி அவருக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கும். போன குளிர்காலத்தில் "இடுப்பு உடைஞ்சிருக்கு, வயசும் அதிகம், பிழைக்கிறது கஷ்டம்" என்று பெட்டி சொன்னதைக் கேட்டு, ரொட்டிக்கடைக்காரரின் தாயார்தான் என்று முடிவுகட்டி, மதுக்கடையில் தொப்பியைக் கழற்றிச் சாவை அறிவித்தார். ஊர் பூச்செண்டு அனுப்பியது. அந்தம்மாளே வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். உடைந்தது யாரோ மலையேறப் போன வெளியூர்க்காரரின் இடுப்பு. இந்தத் திருப்பணிக்கு மெர்வின் வைத்திருந்த பெயர் கண்காணிப்பு.

இப்போது அந்தக் கண்காணிப்பில் அவர் குட்டையே சிக்கியிருந்தது.

வியாழக்கிழமை தீயணைப்புப் படையின் ஒத்திகை என்பது ஊருக்கே தெரியும். தீக்காலம் தொடங்குமுன் வருடாவருடம் நடப்பதுதான். ஹெலிகாப்டர் வரும், வாளியை வைத்துப் பழகும், படைக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு எல்லோரும் ஊர் மன்றத்தில் தேநீர் குடிப்பார்கள். நிஜத் தீயென்றால்கூட மெர்வின் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார், அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். ஒரு விளையாட்டுக்கு, இந்தப் பஞ்சத்தில், என் குட்டையா?

அதே சமயம் தொலைபேசி அடித்தது. நோரீன் எடுத்தாள். படையின் கேப்டன் ரோஸ்லின் ஹாடோ. மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குரலே இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

"உன்கிட்ட பேசணுமாம். குட்டை விஷயமா" என்றாள் நோரீன், தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"நான் இல்லன்னு சொல்லு. குட்டையில தண்ணி இல்லன்னும் சொல்லு."

"நீயே இல்லன்னா, தண்ணி இல்லன்னு யாரு சொன்னதாம்?"

"சொல்லுடீன்னா."

நோரீன் சொன்னாள். குட்டையில் வெறும் சேறுதான், தவளைகூட இடம் மாறிவிட்டது என்று தன் பங்குக்கும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பக்கம் ரோஸ்லின் நெஞ்சுருக "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு மேலே ஏதோ பேசத் தொடங்கினாள். மெர்வின் விரலை நீட்டித் தொலைபேசியின் கொக்கியை அமுக்கி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"அவ பேசிக்கிட்டிருக்கா, மெர்வ்."

"பேசட்டும். நாம கேட்டாத்தானே."

"வியாழக்கிழமை கிடாவையெல்லாம் குட்டைப் பக்கத்துலேருந்து ஓட்டிடச் சொன்னா. அதுக்குள்ள அமுக்கிட்ட."

மெர்வின் தலையை ஆட்டினார். "சாட்சி இருக்கக் கூடாதுன்னு பாக்குறா."

மறுநாள் ரோஸ்லின் நேரிலேயே வந்துவிட்டாள். அவள் வண்டியின் புழுதி வாசலைத் தொடுமுன் மெர்வின் கம்பளிக் கொட்டகைக்குள் போய், பழைய கம்பளிக் குவியலுக்கு அடியில் படுத்துக்கொண்டார். பல் டாக்டரைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லியிருந்தார். மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் என்பது ரோஸ்லினுக்கும் தெரியும், அந்தப் பல் அப்போது சமையலறைத் தம்ளரில் கிடந்ததை அவள் பார்க்கவும் பார்த்தாள். பெரிய மனசுக்காரி, ஒன்றும் கேட்கவில்லை.

அவள் போனபிறகு மெர்வின் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னன்னு கேட்டியா?"

"கேட்டேன். உன்கிட்டதான் சொல்வாளாம். சொல்லும்போது உன் முகத்தைப் பாக்கணுமாம். சொல்லிட்டுச் சிரிக்கிறா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

அவ்வளவுதான், மெர்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவன் வயிற்றில் அடிப்பதோடு நிற்காமல், அடிக்கும்போது அவன் முகம் போகிற போக்கையும் பார்த்து ரசிக்கவேண்டுமாம். இப்படிப்பட்டவளிடம் ஊர்க் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்களே என்று நோரீனிடம் அரைமணி நேரம் அங்கலாய்த்தார். நோரீன் அதற்குள் ஒரு படுக்கைவிரிப்பைத் தைத்து முடித்துவிட்டாள்.

அன்று மாலையே ஹெலிகாப்டர் ஒருமுறை மேலே வட்டமடித்தது. மெர்வின் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்ன அளவுக்கு மோசமில்ல கேப்டன்" என்றான் ஓட்டி. "இடுப்பளவு கிடக்கு. கரை கெட்டியா இருக்கு, தெக்குப் பக்கம் மரமில்ல, இறங்க வசதி." கொஞ்சம் இடைவெளி. பிறகு, "அறுபது வாளி தாராளம்."

அறுபது வாளி! ஒரு வாளி என்பது ஒரு அறை நிறையத் தண்ணீர். மெர்வின் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். அறுபதில் குட்டை காய்ந்து, சேறு வெடித்து, கிடாக்கள் வண்டியேறி, அவரே கையசைத்து வழியனுப்புவதுவரை கணக்கு ஓடியது. பொய் சொன்னது போதாது, இல்லை என்றால் கண்ணுக்கும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். தண்ணீரை எடுத்து ஒளித்து வைக்கவேண்டியதுதான்.

கொட்டகைக்குப் பின்னால் அவர் அப்பா காலத்துத் தகரத் தொட்டி ஒன்று நின்றது. நின்றது என்பதே பெரிய வார்த்தை, துருதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

"அதுலயா?" என்றாள் நோரீன். "அதுக்குள்ள கோழிகூடப் படுக்க மாட்டேங்குது."

"கோழிக்கு என்ன தெரியும்?"

காலையில் டீசல் பம்பைப் பூட்டினார். தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டு மெர்வின் முகத்தில் ஒரு களை வந்தது. தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கும். பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அடித்தகடு மொத்தமும் பெயர்ந்தது. குட்டைத் தண்ணீரில் பாதி அவருடைய முழங்காலைத் தட்டிவிட்டு, சரிவில் இறங்கி, வேலிக்கு அடியில் புகுந்து, கிளெனிஸ் பாஸ்கோவின் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கிளெனிஸ் பாஸ்கோ சிட்னியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போனபிறகு இந்தப் பண்ணையை வாங்கி அல்பாக்கா வளர்க்கிறாள், அதன் ரோமத்தில் தொப்பி பின்னுகிறாள். அவளுடைய குட்டை குன்றுக்கு அந்தப் பக்கம், போன மாதமே காலடி அளவுக்கு வற்றியிருந்தது. ஒரு நாளும் ஒருவரிடமும் அதைச் சொல்லி அழுததில்லை. மெர்வினோ அவளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கழுத்து நீண்ட மிருகத்துக்கெல்லாம் பண்ணை என்று பெயரா என்பார்.

அந்தக் கழுத்து நீண்டவை வரிசையாக வந்து, தண்ணீரில் நின்று, மெர்வினைப் பார்த்துக்கொண்டே குடித்தன. வேலிக்கு அப்பாலிருந்து கிளெனிஸ், குழாய் ஏதும் உடைந்துவிட்டதா, ஸ்பானர் கொண்டு வரட்டுமா என்று அக்கறையாகக் கேட்டாள். எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்று மெர்வின் விறைப்பாகப் பதில் சொன்னார். முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

இப்போது குட்டையில் முழங்கால் தண்ணீர். சுற்றிலும் சேறு. குடிக்கப் போன மூத்த கிடா வயிறுவரை புதைந்து, கயிறு கட்டி வண்டியால் இழுத்து எடுக்கவேண்டியதாயிற்று. இழுக்கும்போது அது மெர்வினைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒன்றும் இல்லை.

"ரோஸ்லினுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே" என்றாள் நோரீன். "என்னதான் வேணும்னு."

"கேட்டா சம்மதம்னு ஆயிடும்."

"எங்க எழுதியிருக்கு அப்படி?"

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் மெர்வின் எப்போதும் தொப்பியைத் தேடுவார். தேடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஸ்கேனர் கேட்டுக் கேட்டு அவர் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று. ஹெலிகாப்டர்காரனுக்குப் பேயைவிடக் கம்பியைக் கண்டால் பயம். எங்கே இறங்கினாலும் முதலில் கம்பி இருக்கிறதா என்றுதான் பேசுவான். வியாழக்கிழமை விடிந்ததும் மெர்வின் வேலைக்கு இறங்கினார். வேலிக்கு வைத்திருந்த இரும்புக் கம்பங்களைக் கரையில் நட்டார். குட்டையின் குறுக்கே, இந்தக் கம்பத்திலிருந்து அந்த யூகலிப்டஸ் மரத்துக்கும், மரத்திலிருந்து வண்டிக்கும், முறுக்குக் கம்பியை இழுத்துக் கட்டினார். தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காக, நோரீன் தைத்து முடித்த படுக்கைவிரிப்பைக் கிழித்துக் கம்பியெங்கும் முடிச்சுப் போட்டார். கிடாக்களை மட்டும் நகர்த்தவில்லை. நகர்த்தினால் ரோஸ்லின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகிவிடுமாம்.

எல்லாம் முடிந்ததும் நீளக்கட்டைத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினார். பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஹெலிகாப்டர் குன்றைத் தாண்டி வந்தது. கீழே நீளக் கயிற்றில் ஆரஞ்சு நிற வாளி. சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் பன்னிரண்டு கிடாக்களும் ஒரே பாய்ச்சலில் வேலியைப் பிய்த்துக்கொண்டு பாஸ்கோ நிலத்துக்குள் ஓடின. மாவட்டத்திலேயே இல்லாத சாதி அல்லவா, ஓட்டமும் அப்படித்தான் இருந்தது. மெர்வின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடைப்பத்தைத் தலைக்குமேல் ஆட்டினார். போ என்றார். போடா என்றார். பிறகு திடீரென்று ஒரு யோசனை பிறந்து, துடைப்பத்தை நீட்டி, குன்றுக்கு அந்தப் பக்கம், பாஸ்கோவின் குட்டை இருக்கும் திசையை மறுபடி மறுபடி குத்திக் காட்டினார்.

பெட்டி பேசியது. "கேப்டன், குட்டை மேல கம்பி. அன்னிக்குப் பாத்தப்ப இல்ல, இன்னிக்கு முழுக்கக் கம்பி. கொடியெல்லாம் கட்டியிருக்கு." இடைவெளி. "ஆமா, கரையில ஒருத்தர் நிக்கிறார். துடைப்பம் வெச்சிருக்கார்." நீண்ட இடைவெளி. "பக்கத்து இடத்தைக் காட்டுறார். ஆமா, அங்கதான் போகச் சொல்றார், நல்லாவே தெரியுது." இன்னொரு இடைவெளி. "நிச்சயமா? சரி. நல்லது."

ஹெலிகாப்டர் மூக்கைத் திருப்பிக்கொண்டு குன்றுக்கு அப்பால் இறங்கியது.

மெர்வின் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. புழுதி என்று பிறகு சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சமையலறை மேசைமேல் வைத்து, ஒலியைக் கூட்டி, பட்டப்பகலில் ஒரு பியர் திறந்தார். ஓட்டி ஒவ்வொரு நடைக்கும் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்பது என்றான், மெர்வின் ஒரு மிடறு குடித்தார். பத்து என்றான், இன்னொரு மிடறு. பாஸ்கோ குட்டையின் ஒவ்வொரு வாளியும் அவர் தொண்டையில் இனிப்பாக இறங்கியது.

"அந்தப் பொம்பள உனக்கு என்ன பாவம் பண்ணினா?" என்றாள் நோரீன்.

"அல்பாக்கா வளக்குறா."

"காலடி தண்ணி வெச்சிருந்தா. அதையும் மொண்டுட்டுப் போகச் சொல்லிக் கை காட்டிட்டு வந்து பியர் குடிக்கிற. உன்னோட இத்தனை நாள் ஒரே மேசையில சாப்பிட்டேனே, அதுக்கு என்னைச் சொல்லணும்."

மெர்வின் கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். முப்பத்து மூன்றாவது வாளி போய்க்கொண்டிருந்தது. காலடி தண்ணீரில் முப்பத்து மூன்று வாளி எப்படி வரும் என்று ஒரு பள்ளிப்பிள்ளைகூடக் கேட்டிருக்கும். மெர்வினுக்கு அது தோன்றவில்லை. கிளெனிஸ் இதுநாள்வரை ஊரை ஏமாற்றி, ஆழத்தில் தண்ணீரைப் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. திருட்டுச் சிறுக்கி என்று பாராட்டும் தொனியில் சொன்னார்.

அறுபதும் முடிந்து சத்தம் அடங்கியபிறகுதான் குட்டையைப் போய்ப் பார்த்தார். காலையில் கம்பி கட்டியபோது அவரே உள்ளே இறங்கி நடந்ததில் கரை ஒரு பக்கம் கீறிக்கொண்டு, மிச்சத் தண்ணீரும் பொட்டுப் பொட்டாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்குக் கிடாக்கள் இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் சந்தைதான். ஒவ்வொரு கிடாவையும் பிறந்த அன்றே துடைத்து எடுத்தவர் அவர், அதில் பொய்யில்லை. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். எனக்காவது கணுக்கால் அளவு இருக்கிறது, அவளுக்குச் சொட்டுக்கூட இல்லையே என்று நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பொழுது சாயும் வேளையில் கிளெனிஸின் வண்டி வாசலுக்கு வந்தது. பின்னால் இழுவண்டியில் பன்னிரண்டு கிடாக்களும் நின்றன, வயிறு உப்பி, கால்ரோமம் நனைந்து. நோரீன் வாசலுக்கு வந்து நின்றாள். மெர்வின் அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அண்டை வீட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்லும் அழகான வாக்கியம் ஒன்றை அவர் பிற்பகலிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"கேள்விப்பட்டேன் கிளெனிஸ்" என்று தொண்டையைக் கனைத்தார். "காலம் அப்படி. நாம ஒருத்தருக்கொருத்தர்..."

கிளெனிஸ் ஒரு கையில் சுடச்சுட ஸ்கோன் ரொட்டித் தட்டோடு இறங்கினாள். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண் இரண்டும் சிவந்திருந்தன. தட்டை நோரீனிடம் கொடுத்துவிட்டு, மெர்வினின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"கேப்டன் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, மெர்வின். உங்க குட்டையை நிரப்பணும்னே ஒத்திகைக்குப் பெரிய ஏரியிலேருந்து மொண்டுக்கிட்டு வந்த தண்ணியை, ‘எனக்கு வேண்டாம், அந்தம்மாவுக்கு ஊத்து’ன்னு துடைப்பத்தாலயே கை காட்டி அனுப்ப எந்த மனுஷனுக்கு மனசு வரும்?"